ஓங்கில் என்று சொன்னால் படகு திரும்பும்

எங்கள் படகு கரைக்கு வருவதைக் கண்டதும் ஜவாஹிர் கேத்தலை அடுப்பில் ஏற்றினார். ஒன்றும் விசாரிக்கவில்லை. தலைமன்னார்க் கரையில் தேத்தண்ணிக் கடை வைத்திருப்பவருக்கு, போன சூட்டோடு திரும்பி வரும் படகில் மீன் இருக்காது, குற்றவாளி ஒருவர்தான் இருப்பார் என்பது தெரியும்.

"ஆர்?" என்று மட்டும் கேட்டார்.

நாங்கள் எல்லோருமாகத் திரும்பி அருளப்பு மாஸ்ரரைப் பார்த்தோம்.

முழங்கால் வரை மடித்துக் கட்டிய வெள்ளை வேட்டி, மேலே செம்மஞ்சள் நிறத்தில் உயிர்காப்பு அங்கி, கழுத்தில் சால்வை. எத்தனையோ வகுப்புகளை எழும்பி நிற்கவைத்த மனிதர். இப்போது அவர் முகத்தில், வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட பொடியனின் களை தெரிந்தது.

ஜவாஹிர் மரியாதையாக ஒரு கதிரையைத் தூசி தட்டிப் போட்டார். பிறகு, மரியாதை கொஞ்சமும் கலக்காத ஒரு பிளேன்ரீயை, பால் இல்லாத வெறும் சாயத்தை, சீனியும் போடாமல், அவர் கையில் கொடுத்தார்.

"குடியுங்கோ மாஸ்ரர். நீங்கள் முடிச்சால்தான் படகு வெளிக்கிடும்."

மாஸ்ரர் குடித்தார். கொஞ்சம் தள்ளி நின்ற மன்னார்க் கழுதை ஒன்று அதை மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தது.

போன கிழமை இதே பக்கத்தில் நான் அந்தக் கழுதைகளைப் பற்றி எழுதியிருந்தேன். வாசகர் ஒருவர், "உங்கள் வாழ்க்கை வரலாறு மனதைத் தொட்டது" என்று பாராட்டியிருக்கிறார். ஆகவே இந்தக் கிழமை தரையை விட்டுவிட்டுக் கடலுக்குள் இருப்பவர்களைப் பற்றி எழுதுவதென்று தீர்மானித்தேன்.

பாப்பம்

என் எமிலி அக்காவின் மகள் டிலானி மன்னாரில் நேர்ஸாக இருக்கிறாள். ரொஷான் அங்கேயே ஒரு வங்கியில் வேலை செய்கிறான். ஊசி போட்டுக்கொள்ளப் போன இடத்தில் பழக்கம். தன்னைக் கடித்தது நாய் என்று அவன் சொல்கிறான். காயத்தைப் பார்த்தால் கழுதை மாதிரி இருந்தது என்று இவள் சொல்கிறாள். எதுவாக இருந்தாலும் ஊசி முடிந்த பிறகும் அவன் வந்துகொண்டே இருந்தான்.

காதல் என்ற அளவில் எல்லாம் முடிந்த கதை. ரொஷானின் தாய் ரீற்றம்மாவுக்குச் சம்மதம். அக்காவுக்குச் சம்மதம். கடலுக்குப் போகிற சூசை அத்தானுக்கு, அக்காவுக்குச் சம்மதமென்றால் சம்மதம். மிச்சம் ரொஷானின் தகப்பன். அவர்தான் பாப்பாமோட்டை அருளப்பு மாஸ்ரர், தமிழ் வாத்தியார், வயல்காரர்.

அப்பா தன் வாயால் ஓம் என்று சொல்லாமல் மோதிரம் மாற்றமாட்டேன் என்று ரொஷான் நின்றான். பிள்ளை வளர்ப்பில் மாஸ்ரர் விட்ட பிழை அது ஒன்றுதான். அளவுக்கு மேல் நல்லவனாக வளர்த்துவிட்டார்.

மாஸ்ரர் இல்லை என்றும் சொல்லவில்லை. "பாப்பம்" என்றார். பாப்பம் என்பது எங்கள் பக்கத்தில் சொல் அல்ல, காலநிலை. வந்தால் எப்போது போகும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. விதைப்புக்கு முன் பாப்பம் என்றார். அருவி வெட்டி, அறுவடை முடித்து, நெல்லை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகும் பாப்பம் என்றார்.

காரணத்தை ரீற்றம்மாதான் அக்காவுக்கு போனில் சொன்னார். பெட்டையைப் பற்றி மாஸ்ரருக்கு ஒரு குறையும் இல்லை. கடல்காரரை நம்பலாமோ என்றுதான் அவருக்கு ஐமிச்சம். வயல்காரன் ஒருநாளும் வரம்பை மாற்றமாட்டான், கடல்காரர் காற்றுக்கு ஏற்ற மாதிரிப் பேச்சை மாற்றுவார்கள், ஒரு சொல்லில் நின்று தான் கண்டதில்லை என்பது அவர் கட்சி. அவருக்குத் தெரிந்த கடல்காரர், சைக்கிளில் மீன் கொண்டுவந்து காலையில் ஒரு விலையும் மத்தியானம் ஒரு விலையும் சொன்ன ஒரே ஒரு மனிதர். அந்த ஆளின் பாவத்தைச் சுமக்கும் பொறுப்பு என் அத்தான் தலையில் விழுந்தது.

அத்தான் இதைக் கேட்டார். போய்ப் படகு இஞ்சினைக் கழற்றி, துடைத்து, திரும்பப் பூட்டினார். இஞ்சினில் ஒரு கோளாறும் இருக்கவில்லை.

எழும்புகிறவர்

மாஸ்ரர் குடும்பம் முதன்முதலாக அக்கா வீட்டுக்குச் சாப்பிட வந்த நாளில், பேச்சுக் கொடுக்கும் வேலை என்னிடம் ஒப்படைக்கப்பட்டது. "நீ கண்டதையும் வாசிக்கிறனிதானே, ஏதும் கதை" என்றாள் அக்கா. நான் அரச கந்தோர் ஒன்றில் மொழிபெயர்ப்பாளன். சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி, ஏற்கெனவே விளங்காமல் இருந்ததைத் தமிழிலும் விளங்காமல் செய்வது என் தொழில். வீட்டில் நிகண்டும் அகராதியும் உண்டு. மனைவியுடன் வாக்குவாதம் வந்தால் அவற்றைத் திறந்துவைத்துக்கொண்டு தோற்பேன்.

இறால் குழம்புக்கும் நண்டுக்கும் நடுவில் பயங்கரமான மௌனம். அதை உடைப்பதற்காக, டொல்பினுக்கு நல்ல தமிழ்ப் பேர் என்ன என்று மாஸ்ரரைக் கேட்டேன்.

மாஸ்ரரின் முகத்தில் லைற் எரிந்தது.

"ஓங்கில்" என்றார். நண்டுக் காலைக் கோப்பையில் வைத்தார். "ஓங்குதல் எண்டால் எழும்புதல், உயர்தல். மலைக்கு ஓங்கல் எண்டு பேர், மூங்கிலுக்கும் அதே பேர். மீன் மூச்செடுக்க மேல வரத் தேவையில்லை. இது வரவேணும். வந்து, மூச்சு விட்டு, ஓங்கி, திரும்பக் கீழ போகும். அதைப் பாத்து வைச்ச பேர்."

நான் உண்மையிலேயே அசந்துபோனேன். இது மீனில்லை, எங்களைப் போல மூச்சு விடுகிற பிராணி என்பதை விலங்கியல்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதி விளக்குகிறார்கள். பேர் வைத்த ஆள் ஒரு வினைச்சொல்லோடு அலுவலை முடித்திருக்கிறார். முந்தி இந்தப் பேர் ஒரு பிராணிக்கு மட்டும் சொந்தமாக இருந்ததாகவும் தெரியவில்லை. கடலில் மூச்சுக்காக எழும்பும் சின்னது, பெரியது, மூக்கு நீண்டது, மூக்குக் கட்டையானது எல்லாவற்றையும் ஆட்கள் இந்தப் பேருக்குள்ளேயே அடக்கியிருக்கிறார்கள். எழும்பினால் ஓங்கில். எழும்பாவிட்டால் குழம்பு.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக்குள் இருக்கும் சாமான்களில் பாதிக்குப் பேர் வைத்தவர்கள் பறங்கியர். கதிரை, அலுமாரி, மேசை எல்லாம் கப்பலில் வந்த சொற்கள். கந்தோர் ஒல்லாந்தர் தந்தது. அங்கே நடக்கும் நித்திரை மட்டும் உள்ளூர். ஆனால் அவ்வளவு கப்பல் விட்டவர்களும் கடலுக்குள் இருப்பவைக்குப் பேர் வைக்கவில்லை. அந்த இடம் ஏற்கெனவே நிரம்பியிருந்தது.

நிரம்பியிருந்தது என்றால், சில வேளை நெருக்கமாக. ஆவுளியா என்றொரு பிராணி இருக்கிறது. கடலுக்கு அடியில் புல்லு மேய்கிற, சாதுவான, கொழுத்த சீவன். அதுவும் மூச்சுக்கு எழும்புகிற சாதிதான். அதை எங்கள் பக்கத்தில் கடற்பன்றி என்பார்கள். இராமேஸ்வரம் பக்கத்தில் கடற்பசு. பிடிக்கவே கூடாதென்று இப்போது சட்டம் இருக்கிறது. ஜவாஹிர் தன் கடை வாசலில் நின்று இதைப் பற்றி எனக்கு ஒரு விரிவுரை நடத்தியிருக்கிறார்.

"பண்டி எண்டு சொன்னால் நாங்கள் தொடமாட்டம். பசு எண்டு சொன்னால் கேதீஸ்வரத்துப் பக்கத்து ஆக்கள் தொடமாட்டினம். பேரை வைச்சே ரெண்டு கூட்டத்திட்ட இருந்து அது தப்பிட்டுது மச்சான். மிச்சம் நீங்கள் வேதக்காரர்தான். உங்களைத் தடுக்க ஒரு பேர் கண்டுபிடிக்க ஏலாமல்தான் அரசாங்கம் சட்டம் போட்டது."

நான் தவக்காலத்தில் நாங்கள் இறைச்சி தின்பதில்லை என்று பெருமையாகச் சொன்னேன். அப்படியென்றால் அது மீனா இறைச்சியா என்று அவர் கேட்டார். நான் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்றைய சாப்பாட்டு மேசைக்கு வருவோம். அவ்வளவும் சொன்ன மாஸ்ரர், கை கழுவிக்கொண்டு, தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். காலம் முழுக்க அந்தச் சொல்லைப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவர், ஓங்கில் ஒன்றை வாழ்நாளில் நேரே கண்டதில்லை. பாப்பாமோட்டையிலிருந்து கடல் சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் படகில் ஏறியதே இல்லை. படத்தில்தான் பார்த்தது. அதுவும் அந்தப் பாடப்புத்தகத்தில் மை ஊறி, பூசணிக்காய் மாதிரி இருந்ததாம்.

அத்தான் அன்றைக்குப் பேசிய முதல் வார்த்தை அப்போதுதான் வந்தது.

"வாங்கோ மாஸ்ரர். நான் காட்டுறன்."

இங்கிலீசு தெரியாத பிராணி

இடைஞ்சல் எங்கே இருந்தது என்பதை இப்போது சொல்லிவிடுகிறேன். அத்தானின் ஆட்கள் கடலில் அந்தப் பேரைச் சொல்வதில்லை.

கரையில் எவ்வளவும் சொல்லலாம். படகின் மூக்கு மணலை விட்டுக் கிளம்பிய பிறகு சொல்லக் கூடாது. அதன் பிறகு அவை "அவையள்". அவையள் வருகினம். அவையள் தீடைப் பக்கம் நிக்கினம். மாப்பிள்ளை வீட்டாரையும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அந்தக் கிழமை முழுக்க அக்கா வீட்டில், "அவையள் எத்தனை மணிக்கு வருகினம், அவையளுக்கு நண்டு பிடிக்குமோ" என்ற பேச்சுத்தான். தற்செயலாகக் கேட்டவர்கள், அக்கா வீட்டில் டொல்பின் வளர்க்கப்போகிறாள் என்றே நினைத்திருப்பார்கள்.

ஏன் சொல்லக் கூடாது என்பதற்கு இரண்டு விளக்கங்கள் உண்டு. பேர் சொன்னால் கூப்பிட்டதாக நினைத்து வந்து வலையைக் கிழித்துவிடும் என்பது ஒன்று. பேர் சொன்னால் கோபித்துக்கொண்டு வராமலே போய்விடும், அதோடு மீனும் போய்விடும் என்பது மற்றது. இரண்டும் நேரெதிர் என்பதை அத்தானுக்குச் சுட்டிக்காட்டினேன்.

"ஓம், அதுதான் சொல்லக் கூடாது எண்டுறது" என்றார். எந்தச் சுற்றறிக்கையிலும் இவ்வளவு தெளிவான வசனத்தை நான் கண்டதில்லை.

வாய் தவறிச் சொன்னால் படகு உடனே திரும்ப வேண்டும். மூக்கு மணலில் முட்ட வேண்டும். சொன்னவர் இறங்கி, சீனி இல்லாத பிளேன்ரீ ஒன்றைக் கடைசிச் சொட்டு வரை குடிக்க வேண்டும். பிறகுதான் மறுபடி ஏறலாம். இந்தச் சட்டம் மிகப் பழமையானது என்று எல்லோரும் சொல்கிறார்கள். தேயிலை இந்த நாட்டுக்கு வந்த காலத்தை யோசித்தால் அவ்வளவு பழமையாக இருக்க வழியில்லை என்பது என் ஆராய்ச்சி முடிவு. சட்டத்தின் வயதும் ஜவாஹிர் குடும்பத்துக் கடையின் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். கேட்டால் ஜவாஹிர் சிரிக்கிறார், மறுக்கவில்லை.

ஒரு ஓட்டை மட்டும் உண்டு. டொல்பின் என்று சொல்லலாம். "இங்கிலீசில கூப்பிட்டால் அவையளுக்கு விளங்காது" என்பது அத்தானின் கொள்கை. அதனால் படகில் போகிற எல்லோரும் டொல்பின் என்றே சொல்லிப் பழகி, இப்போது அந்தக் கரையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய பேரே தெரியாது. பழைய சொற்களை இங்கிலீசு விழுங்கிவிட்டது என்று நானும் கூட்டங்களில் பேசியிருக்கிறேன். இந்தச் சொல்லை யாரும் விழுங்கவில்லை. அளவுக்கு மேல் மரியாதை கொடுத்து, வாய்க்கு வெளியே வராமல் வைத்துவிட்டார்கள்.

மாஸ்ரருக்கோ அந்த ஓட்டை வழியாக நுழைய முடியாது. அவர் உயிர் போனாலும் இங்கிலீசுச் சொல் பாவிக்கமாட்டார். ஒருமுறை மன்னார் நகரத்துக் கடையில் ஐஸ்கிரீமைக் "குளிர்களி" என்று கேட்டு, கடைக்காரப் பொடியனுக்கு விளங்காமல், கேட்ட சொல்லையும் மாற்றாமல், வெயிலில் வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தவர். என் அத்தானைக்கூட அவர் "திரு. சூசை" என்றுதான் கூப்பிடுவார். "திரு. சூசை, கொஞ்சம் உப்புத் தாருங்கோ" என்று ஒரு மனிதர் கேட்டால், எதிரில் இருப்பவருக்கு உப்பை மனுவாக எழுதித்தான் கொடுக்கத் தோன்றும்.

கரையில் வைத்து அத்தான் சட்டத்தை விளக்கினார். மாஸ்ரர் இது சுத்தமான மூடநம்பிக்கை என்று சொன்னார். ஆனால் உங்கட படகு, உங்கட சட்டம், ஒத்துக்கொள்ளுறன் என்றார்.

எண்ணெய்க் கான்

சோழகக் காற்றுத் தொடங்க முந்திய, கடல் தாம்பாளத்தில் ஊற்றிய தண்ணீர் மாதிரிக் கிடக்கும் காலம். இஞ்சின் டிலானியின் கையில். நேர்ஸ் ஆகும் முன்பே அவள் படகு ஓட்டப் பழகியவள். அத்தான் முன்னுக்கு நின்று தண்ணீரைப் படித்துக்கொண்டிருந்தார். நடுப்பலகையில் மாஸ்ரரும் நானும். என் உயிர்காப்பு அங்கி வயிற்றுக்கு மேல் பூட்டுப்பட மறுத்து, என்னைக் காப்பாற்றுவதா விடுவதா என்ற முடிவை ஒத்திவைத்திருந்தது. ரொஷான் படகுத் தளத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்து, தலைச்சுற்றலுக்குத் தேசிக்காயை முகர்ந்துகொண்டிருந்தான். கடல் அசையவே இல்லை. அவனுக்கு மட்டும் அசைந்தது.

கரையில் அக்காவும் ரீற்றம்மாவும் ஜவாஹிர் கடைக் கதிரைகளில் இருந்தார்கள். அன்றைக்கு ஒரு முடிவு வரும் என்று இரண்டு பேருமே நம்பியிருந்தார்கள். ஏறுவதற்கு முன் டிலானி என் காதுக்குள், "மாமா, இண்டைக்கும் அவர் பாப்பம் எண்டு சொன்னால், நான் இஞ்சினை நிப்பாட்டிப்போட்டு நீந்திப் போயிடுவன்" என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் சிரிக்கவில்லை.

இறங்குதுறை பின்னால் சின்னதாகிக்கொண்டிருந்தது. ஸ்ரேசன் பக்கம் ரெயில் கூவியது. அப்போது கொஞ்சத் தூரத்தில் கருப்பாக ஒன்று எழும்பி, பளபளத்து, தாழ்ந்தது.

"ஓங்கில்" என்றார் மாஸ்ரர். கத்தவில்லை. கோயிலில் சொல்வது போல, மெல்ல.

இஞ்சின் சத்தம் குறைந்தது. அந்தக் கருப்பு மறுபடி எழும்பியது. பக்கத்தில் போனால், அது ஒரு எண்ணெய்க் கான். பாதி தண்ணீர் நிரம்பி, அலைக்கு ஆடிக்கொண்டிருந்தது.

நான் சட்டத்தரணியாக மாறினேன். அந்தப் பேர் அந்தப் பிராணியைக் குறித்துச் சொல்லப்படவில்லை, ஒரு பிளாஸ்ரிக் கானைக் குறித்தே சொல்லப்பட்டது, எனவே குற்றம் நிகழவில்லை என்று வாதாடினேன்.

"கானுக்குச் சொன்னாலும் பேர் பேர்தான்" என்றார் அத்தான். "திருப்பு பிள்ளை."

அப்படித்தான் இந்தக் கதை தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தோம். இறங்குதுறையில் நின்ற நேவிப் பொடியன் என்ன நடந்தது என்று கையால் கேட்டான். அத்தான் தன் வாயைக் காட்டி இரண்டு விரலைக் குறுக்கே வைத்தார். அவன் தலையாட்டினான். அவனுடைய ஊரும் எங்கேயோ ஒரு கடற்கரையாக இருக்க வேண்டும்.

அக்கா கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். படகு இவ்வளவு கெதியாகத் திரும்பினால் சம்பந்தம் குழம்பிவிட்டது என்றுதான் அர்த்தம் என்று அவள் கணக்குப் போட்டிருந்தாள். நான் தூரத்திலிருந்தே, "தேத்தண்ணி, தேத்தண்ணி" என்று சைகை காட்டினேன். தாகம் என்று நினைத்து ரீற்றம்மா செம்பில் தண்ணீரோடு ஓடி வந்தார்.

முடிக்காமல் விட முடியாத வசனம்

இரண்டாம் முறை போனபோது எல்லோரும் வாயை இறுக மூடிக்கொண்டிருந்தோம். அது சரியான திட்டம். கெடுத்தது நான்.

மௌனம் எனக்கு ஒரு நோய். கந்தோரில் அதற்கு மருந்தாக நித்திரை இருக்கிறது. படகில் இல்லை. ஆகவே, அன்று சாப்பிடும்போது வேர்ச்சொல்லைப் பற்றி ஏதோ சொன்னீங்களே மாஸ்ரர், என்றேன்.

மாஸ்ரர் இருந்த இருப்பிலேயே வகுப்பறைக்குப் போய்விட்டார். ஓங்கு என்பது வினையடி என்றார். அதிலிருந்து தொழிற்பெயர் பிறக்கும் விதத்தைச் சொன்னார். மலையைச் சொன்னார், மூங்கிலைச் சொன்னார். அந்தச் சொல் தூரத்திலிருந்து பஸ் வருவது போல வந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் தெரிந்தது, ஒருவராலும் நிறுத்த முடியவில்லை. டிலானி தலையைத் தலையை ஆட்டினாள். தளத்தில் கிடந்த ரொஷான் தேசிக்காயை விட்டுவிட்டு, "அப்பா" என்று ஈனக் குரலில் கூப்பிட்டான்.

"இந்த வரிசையில் வந்ததுதான்" என்று மாஸ்ரர் சொல்லி, எங்கள் முகங்களைப் பார்த்து, நிறுத்தினார். ஆனால் எழுவாயைத் தொங்கவிட்டு எழும்பிப் போவது அவர் பரம்பரையிலேயே இல்லை.

"ஓங்கில்" என்று முடித்தார்.

படகு திரும்பியது. தூண்டிவிட்ட குற்றத்துக்காக எனக்கும் ஒரு சீனி இல்லாத பிளேன்ரீ விதிக்கப்பட்டது. ஜவாஹிர் எனக்குத் தந்தபோது சாயத்தைக் கொஞ்சம் கூட்டியே விட்டிருந்தார்.

கசப்பை விழுங்கிக்கொண்டு மாஸ்ரர், "திரு. சூசை, வந்த விருந்தாளிக்காக இதை ஒருக்கால் விட்டிருக்கலாம்" என்றார்.

அத்தான் மணலைப் பார்த்தார். மகளின் கலியாணம் இந்த மனிதரின் நாக்கு நுனியில் நிற்கிறது என்பது அவருக்குத் தெரியும். அக்கா பின்னாலிருந்து, விடுங்கோ விடுங்கோ என்று கண்ணால் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கு விட்டால் பிறகு அது சட்டமில்லையே மாஸ்ரர்" என்றார் அத்தான்.

அக்கா தலையில் கையை வைத்தாள். மாஸ்ரர் அத்தானை நெடுநேரம் பார்த்தார். பிறகு மிச்சத் தேத்தண்ணியை ஒரே மடக்கில் குடித்தார்.

"பாப்பம்" என்றார்.

டிலானி என்னைப் பார்த்தாள். நான் கடலின் ஆழத்தை மனதில் கணக்கிட்டேன்.

சால்வை

கடைசியாக வெளிக்கிட்டபோது மாஸ்ரர் சால்வையை எடுத்துத் தன் வாயைத் தானே கட்டிக்கொண்டார். பல்லுக் கொதிவந்த ஆளைப் போல இருந்தார். வெயில் ஏறிவிட்டது. அக்காவின் நண்டுக் குழம்பு இந்நேரம் ஆறி, திரும்பச் சூடாக்கி, மறுபடி ஆறியிருக்கும்.

கடலுக்கு நடுவே மணல் திட்டுகளாகக் கிடக்கும் தீடைகளின் பக்கம், தண்ணீர் பச்சையாக மாறும் இடத்தில், டிலானி இஞ்சினை நிறுத்தினாள். படகில் தண்ணீர் தட்டும் சத்தம் மட்டும்.

முதலில் கேட்டது மூச்சு. யாரோ ஈர விறகை ஊதுவது போல, "பூ" என்று. பிறகு இன்னொன்று. பிறகு சுற்றிவர எல்லாப் பக்கமும் ஊதல். கருஞ்சாம்பல் முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின, வளைந்தன, தாழ்ந்தன. ஒன்று முழு உடம்பையும் வெளியே எடுத்து, காற்றில் ஒருமுறை புரண்டு, சும்மா வேண்டுமென்றே எங்கள் மேல் தண்ணீர் விழும்படி பொத்தென்று விழுந்தது. நான் சிரிக்கத் தொடங்கினேன். நிறுத்த முடியவில்லை. எனக்கு இந்த வயதில், இந்த வயிற்றோடு, காரணம் இல்லாமல் அப்படிச் சிரிப்பு வந்தது. டிலானியும் சிரித்தாள். ரொஷான்கூட எழும்பி இருந்தான், முகம் கடலின் பச்சையோடு சரிக்குச் சரியாக.

மாஸ்ரர் மட்டும் பிழையான பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். உப்புத் தண்ணீர் பட்டுக் கண்ணாடி மங்கி, அதைச் சால்வை நுனியால் துடைத்துக்கொண்டு, வெறும் தண்ணீர் கிடந்த திசையை ஆவலாகத் தேடினார். சரியாக அவர் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடக்கூடிய இடத்தில், தாய் ஒன்றும் குட்டி ஒன்றும் சேர்ந்து எழும்பின. குட்டி ஒரு கை நீளம்தான் இருக்கும் போலத் தெரிந்தது. தாயின் பக்கத்தில் ஒட்டியபடி ஊதியது.

"டொல்பின் மாஸ்ரர், டொல்பின்" என்றார் அத்தான்.

மாஸ்ரர் அசையவில்லை. அந்தச் சொல்லுக்குத் திரும்பக் கூடாதென்று வாழ்நாள் முழுக்கப் பழக்கப்படுத்திய கழுத்து அது.

"பின்னால அவையள், அவையள் நிக்கினம்."

மாஸ்ரர் படகுக்குப் பின்னால் தூரத்தில் தெரிந்த கரையைப் பார்த்தார். அங்கே அக்காவும் ரீற்றம்மாவும் நின்றார்கள். மாஸ்ரர் அவர்களுக்குக் கை காட்டினார்.

தாயின் முதுகு வளைந்தது. இனித் தாழ்ந்துவிடும். அத்தான் பலகையில் ஏறி நின்றார். காட்டுறன் என்று சொல்லிக் கூட்டிவந்த மனிதர். நரம்பு புடைக்க, இந்தப் பக்கம் இறங்குதுறைக்கும் அந்தப் பக்கம் இராமேஸ்வரத்துக்கும் கேட்கும்படி கத்தினார்.

"மாஸ்ரர், ஓங்கில். ஓங்கில் ஐயா, ஓங்கில்."

மாஸ்ரர் திரும்பினார்.

கண்டார். தாய் தாழ்ந்தது. குட்டி ஒரு கணம் பிந்தி, மாஸ்ரரை ஒரு கண்ணால் பார்த்து, ஊதி, பிறகு தாழ்ந்தது. அந்த மூச்சின் ஈரம் அவர் கண்ணாடியில் புள்ளி புள்ளியாக விழுந்தது. அவர் அதைத் துடைக்கவில்லை.

அதன் பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அத்தான் மெல்லப் பலகையிலிருந்து இறங்கிக் குந்தினார். அவர் வாயிலிருந்து அந்தப் பேரை ஒருவரும் கடலில் கேட்டதில்லை. கேட்காதது போல நடிக்க நாங்கள் எல்லோரும் ஆயத்தம். நான் மனதுக்குள் ஒரு மேன்முறையீட்டையே எழுதி முடித்திருந்தேன்.

"இஞ்சினைப் போடு பிள்ளை" என்றார் அத்தான், ஒருவர் முகத்தையும் பாராமல். "திரும்புவம்."

"அப்பா, அவர் இன்னும் வடிவாப் பாக்கேல்லை" என்றாள் டிலானி.

"திருப்பு."

மாஸ்ரர் சால்வையை அவிழ்த்தார். சுற்றிவர இன்னும் முதுகுகள் எழும்பிக்கொண்டிருந்தன. அவர் அவற்றைப் பார்த்தார், தலை குனிந்து இருந்த அத்தானைப் பார்த்தார்.

"திருப்பு பிள்ளை" என்றார். பிறகு அத்தானின் முழங்காலில் கையை வைத்தார். "போய்த் தேத்தண்ணியைக் குடிச்சிட்டு வருவம் சம்பந்தி. அவையள் நிப்பினம்."

ஊதல் மட்டும் கேட்டது.

"அப்பா, என்ன சொன்னீங்கள்?" என்று ரொஷான் கேட்டான்.

"கேட்டது காணும்" என்றார் மாஸ்ரர். ரொஷான் மிகுந்த மகிழ்ச்சியோடு படகின் ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தான்.

டிலானி இஞ்சின் கயிற்றை இழுத்தாள். பிடிபடவில்லை. திரும்ப இழுத்தாள், சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள், இழுத்தாள். தாய்மாமன் என்ற முறையில் நான் எழும்பிப் போய் ஒரே இழுப்பில் இழுத்தேன். இஞ்சின் பிடித்தது. என் உயிர்காப்பு அங்கி முதுகுப் பக்கம் கிழிந்தது.

கரையில் ஜவாஹிர் கேத்தலை ஏற்கெனவே அடுப்பில் ஏற்றியிருந்தார்.

"ஆர்?"

நாங்கள் எல்லோருமாகத் திரும்பி அத்தானைப் பார்த்தோம். ஜவாஹிரின் கை அப்படியே நின்றுவிட்டது. கேத்தல் தன்பாட்டில் கொதித்து மூடியைத் தட்டியது. அதற்குள் டிலானி ஓடிப்போய் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ரீற்றம்மா ஒரு கையால் சிலுவை போட்டுக்கொண்டே மறு கையால் மகனின் முகத்தைத் துடைத்தார். அக்கா கேள்வியாக என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அவள் அங்கேயே மணலில் குந்திவிட்டாள்.

ஜவாஹிருக்கும் விசயம் விளங்கிவிட்டது. சீனிப் போத்தலைத் திறந்து, கரண்டி நிறைய அள்ளினார்.

"போடாதை" என்றார் அத்தான்.

ஜவாஹிர் கரண்டியைத் திரும்பப் போத்தலுக்குள் விட்டார். கறுத்த, கசந்த, ஆவி பறக்கும் கிளாஸ் அத்தானின் கைக்கு வந்தது. அவர் கதிரையில் இருந்தார். மாஸ்ரர் இன்னொரு கதிரையை இழுத்து, அவர் பக்கத்தில் போட்டு, வேட்டியை ஒதுக்கி அமர்ந்தார்.

"எனக்கும் ஒண்டு" என்றார். "சீனி இல்லாமல்."

"நீங்கள் இந்த முறை ஒண்டும் சொல்லேல்லையே மாஸ்ரர்" என்றார் ஜவாஹிர்.

"இல்லை" என்றார் மாஸ்ரர். "ஆனால் சம்பந்தி தனியக் குடிக்கிறார்."

இரண்டு பேரும் குடித்தார்கள். இரண்டு முகமும் ஒரே மாதிரிக் கோணியது. கழுதை கிட்ட வந்து நின்று பார்த்தது.